கையெழுத்து மருத்துவருடையது, கணக்கு ரெப்புடையது

மருந்து வியாபாரத்துக்கு மற்ற வியாபாரங்களில் காணாத ஓர் அமைப்பு உண்டு. எதை வாங்குவது என்று முடிவு செய்பவர் மருத்துவர். அவர் காசு கொடுப்பதில்லை. காசு கொடுப்பவர் நோயாளி. சீட்டில் எழுதியிருப்பதை அவரால் பெரும்பாலும் வாசிக்கவே முடியாது. பில் போடுபவர் கடைக்காரர். சீட்டில் உள்ள பெயரை மாற்றிக் கொடுக்க அவருக்குச் சட்டப்படி உரிமையில்லை. கம்பெனியிடமிருந்து சரக்கை எடுப்பவர் ஸ்டாக்கிஸ்ட். அவருக்கும் நோயாளிக்கும் அறிமுகமே கிடையாது. இந்த நால்வருக்கும் இடையில் ஐந்தாவதாக ஓர் ஆள் நிற்கிறார். எதையும் வாங்காத ஒருவரைத் தினமும் போய்ப் பார்த்து, தன் கையால் எதையும் விற்காமல், மாதக் கடைசியில் மொத்த விற்பனைக்கும் பதில் சொல்ல வேண்டியவர். ஊர் அவரை மெடிக்கல் ரெப் என்கிறது, தொழிலுக்குள் எம்.ஆர்.

வெளியில் சுற்றிச் செய்யும் விற்பனை வேலைகள் பல. காப்பீட்டு முகவர், லைன் வண்டியில் சோப்பும் பிஸ்கட்டும் கொண்டு போகிறவர், டிராக்டர் விற்பவர் ஆகிய எல்லோருக்கும் அலைச்சல் உண்டு, டார்கெட் உண்டு. ஆனாலும் அவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்லிவிடுகிறார். ஆர்டர் விழுந்ததா இல்லையா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ரெப்புக்கு அது தெரிவதில்லை. மருத்துவர் தலையசைக்கிறார், சாம்பிளை வாங்கி வைத்துக்கொள்கிறார், ‘பார்க்கலாம்’ என்கிறார். அடுத்து உள்ளே வந்த நோயாளிக்கு அவர் எதை எழுதினார் என்பது கதவுக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

இந்த வேலையின் கடுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெயிலையும் பைக்கையும் காத்திருப்பையும்தான் முதலில் சொல்வார்கள். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது: பிறர் எடுக்கும் முடிவுக்குத் தான் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை. கம்பெனிகள் வைத்த அளவுகோல்கள், நீதிமன்றங்கள் பட்ட தடுமாற்றம், பரிசுப் பொருள் பற்றிய சர்ச்சை எல்லாம் அந்த ஒரு முடிச்சிலிருந்து கிளைத்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரே மருந்து, பல பெயர்

இந்தியாவில் இந்தத் தொழில் இவ்வளவு பெருகியதற்கு மூன்று சட்ட ஏற்பாடுகள் காரணம். முதலாவது, 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். 1972இல் அது நடைமுறைக்கு வந்தபோது, மருந்துகளில் தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை, மருந்துப் பொருளுக்கு இல்லை என்றானது. வேறொரு வழியில் அதே மருந்தைச் செய்ய எந்தக் கம்பெனிக்கும் கதவு திறந்தது. 2005இல் பொருளுக்கான காப்புரிமை திரும்பி வரும்வரை இந்த நிலை நீடித்தது. அந்த முப்பது சொச்சம் ஆண்டுகளில்தான் இந்திய மருந்துத் தொழில் தன் காலில் நின்றது. மருந்து விலையும் இறங்கியது. கூடவே, ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் வெவ்வேறு பெயரில் விற்கும் வழக்கமும் ஊன்றியது. 60 சிகிச்சைப் பிரிவுகளில் 60,000 பிராண்டுகள் என்று அரசுத் தரப்பே கணக்குச் சொல்கிறது.

இரண்டாவது, விளம்பரத் தடை. சோப்புக்கும் காபிக்கும் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யலாம். மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச் பட்டியல் மருந்துகளைப் பொதுமக்களிடம் அப்படிக் கொண்டுபோக முடியாது. எனவே கம்பெனி தன் மருந்தைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே காது மருத்துவருடையதாகிறது.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆம் விதி, எச் பட்டியல் மருந்துக்கான சீட்டு வந்தால் அதில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக்கூடாது என்கிறது. உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் கூடாது. நடைமுறையில் கடைகளில் மாற்றிக் கொடுப்பது நடக்கத்தான் செய்கிறது. ஆயினும் சட்டத்தின் கண்ணில் மருத்துவர் எழுதிய பெயரே இறுதி.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ரெப் ஏன் தேவைப்படுகிறார் என்பது விளங்கும். உள்ளடக்கம் ஒன்றுதான், பேசக்கூடிய காது ஒன்றுதான், அந்தக் காதுக்குரியவர் எழுதும் பெயரே விற்கும். நாற்பது கம்பெனிகள் ஒரே ஆன்டிபயாட்டிக்கைச் செய்தால், பேனா தாளைத் தொடும் நொடியில் மருத்துவரின் நினைவுக்கு எந்தப் பெயர் வருகிறது என்பதில்தான் நாற்பதின் தலையெழுத்தும் இருக்கிறது. ரெப்பின் வேலை அந்த நினைவைப் பராமரிப்பது. நினைவு தேயும், ஆகவே பராமரிப்பு முடிவதே இல்லை. அடுத்த மாதமும் அதே மருத்துவரிடம் அதே பெயரைச் சொல்ல வேண்டும், அதுவும் புதிதாகச் சொல்வதுபோல.

பையும் பாதையும்

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு ரெப்பை எடுத்துக்கொள்வோம். மதுரை அவருக்கு ஹெச்.கியூ. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போல காலையில் போய் இரவு வீடு திரும்பக்கூடியவை எக்ஸ் ஸ்டேஷன். கம்பம், ராமநாதபுரம் போல லாட்ஜில் தங்க வேண்டியவை அவுட் ஸ்டேஷன். மூன்றுக்கும் தினப்படி வேறு வேறு. எந்தத் தேதியில் எந்த ஊர் என்பதை மாதத் தொடக்கத்துக்கு முன்பே டூர் புரோகிராமாக எழுதி, ஏரியா மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

பல கம்பெனிகளில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மருத்துவர்களைப் பார்க்க வேண்டும்; அதோடு நாலைந்து கடைகள், ஒரு ஸ்டாக்கிஸ்ட். காலையில் ஸ்டாக்கிஸ்டிடம் இருப்பு விசாரிப்பு. முற்பகலில் மருத்துவமனை புறநோயாளிப் பிரிவு முடியும்வரை தாழ்வாரத்தில் நிற்பது. மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை செய்வதற்கு ஒன்றும் இருக்காது. வீடு தூரம் என்றால் டீக்கடை, பேருந்து நிலையம், ஏதாவது மரநிழல். தனியார் கிளினிக்குகள் திறக்கும் மாலையில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. பிரபலமான மருத்துவர் என்றால் கடைசி நோயாளி போன பிறகுதான் ரெப்புகளை உள்ளே விடுவார். இரவு பத்து, பத்தரை சாதாரணம். வேலை நேரம் என்று பார்த்தால் ஆறேழு மணிதான் வரும். வேலைக்காக வீட்டை விட்டு வெளியே இருக்கும் நேரம் பதினான்கு மணி. சம்பளச் சீட்டு இரண்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மருத்துவர் முன் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். அதற்குள் விஷுவல் எய்டைப் புரட்டி, மூன்று அல்லது நான்கு பிராண்டுகளைச் சொல்லி, ஓர் ஆய்வின் முடிவை ஒரு வரியில் தந்து, சாம்பிளை வைத்துவிட்டு வெளியேற வேண்டும். இதற்கு டீடெயிலிங் என்று பெயர். தேர்ந்தவர்கள் மருத்துவரின் மேசையைப் பார்த்தே அன்றைக்கு எதைப் பேசலாம், எதை விட்டுவிடலாம் என்று கணித்துவிடுவார்கள்.

கணிதத்தில் விற்பனையாளர் பயணம் பற்றிய ஒரு புகழ்பெற்ற சிக்கல் இருக்கிறது. பல ஊர்களுக்கும் ஒருமுறை போய்த் திரும்ப மிகக் குறுகிய வழி எது என்பது அதன் கேள்வி. 1954இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் ஆகிய மூவர் 49 நகரங்களுக்கு அதைத் தீர்த்துக் காட்டினார்கள். அது கடினமான கணக்கு. ஆனாலும் அதில் ஒரு சலுகை இருக்கிறது. நாம் போய்ச் சேரும்போது நகரம் அங்கேயே இருக்கும். ரெப்பின் கணக்கில் அந்த உறுதியும் கிடையாது. உசிலம்பட்டிக்குப் போய் நிற்கும்போது மருத்துவர் கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார். மேலூரில் அவசர அறுவைசிகிச்சை நடந்துகொண்டிருக்கும். அன்றைய டி.சி.ஆரில், அதாவது தினசரி அறிக்கையில், அது ‘மிஸ்டு கால்’ என்று பதிவாகும். தவறவிட்டவர் யார் என்பதற்கு அந்த அறிக்கையில் பத்தி கிடையாது.

முகத்தின் உழைப்பு

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்தார். சம்பளத்துக்காகத் தன் உணர்ச்சியை அடக்கியோ வரவழைத்தோ வேறொருவர் மனத்தில் ஒரு நிலையை உண்டாக்குவதும் ஓர் உழைப்பே என்பது அவர் முடிவு. உணர்ச்சி உழைப்பு என்ற அந்தக் கருத்து பிறகு எத்தனையோ தொழில்களை விளக்கப் பயன்பட்டது. ரெப்பின் வேலைக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு மாறுதலோடு.

விமானத்தில் வரும் பயணி அந்தப் பணிப்பெண்ணை மறுபடி பார்க்கப் போவதில்லை. ரெப்போ அதே மருத்துவரை ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டியவர். ‘இன்னிக்கு நேரமில்லப்பா’ என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னவரிடம் அடுத்த மாதம் அதே சிரிப்போடு ‘வணக்கம் சார்’ என்று நுழைய வேண்டும். மருத்துவரின் பிள்ளைக்குப் பிறந்தநாள், அம்மாவுக்கு மூட்டுவலி, அவர் எந்தக் கல்லூரி, எந்த கிரிக்கெட் வீரரைப் பிடிக்கும் என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏறும். சில சமயம் இது உண்மையான நட்பாகவே கனியும். கனிந்தாலும் அந்த நட்பின் மீது மாதம் ஒருமுறை டார்கெட் ஏறி உட்காரும்.

மருத்துவர் ஏட்ரியன் ஃபியூ-பெர்மனும் முன்னாள் ரெப்பான ஷாராம் அஹாரியும் 2007இல் பிளாஸ் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரை இதை உள்ளிருந்தே காட்டியது. மருத்துவர்களைக் குணவாரியாகப் பிரித்து, நட்பாகப் பழகுபவரிடம் ஒரு விதம், ஒதுங்கி நிற்பவரிடம் ஒரு விதம், ஆய்வுச் சான்று கேட்பவரிடம் வேறு விதம் என்று அணுகும் பயிற்சியை அவர்கள் விவரித்தார்கள். அமெரிக்க ரெப்புக்கு இன்னொரு வசதியும் உண்டு. எந்த மருத்துவர் எதை எத்தனை எழுதினார் என்ற தரவைக் கம்பெனி காசு கொடுத்து வாங்கி அவர் கையில் கொடுத்துவிடும்.

இங்கே அந்தத் தரவை ரெப்பே கடை கடையாக ஏறிச் சேகரிக்கிறார். கிளினிக்குக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் நயமாகப் பேசி, சீட்டுகளில் எந்தக் கம்பெனிப் பெயர் வருகிறது என்று கேட்டுக் குறிப்பதற்கு ஆர்.சி.பி.ஏ. என்று பெயர். கடைக்காரர் ஏன் சொல்ல வேண்டும்? காலாவதியான சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வது, ஆஃபர் வந்தால் முதலில் சொல்வது போன்ற சிறு உதவிகள் அவருக்குத் தேவை. ஆக, மருத்துவரிடம் செலவிடும் நயத்தைப் போல இரண்டு மடங்கு கடையில் செலவாகிறது. தன் உழைப்பின் பலன் என்ன என்று தெரிந்துகொள்வதற்கே தனியாக உழைக்க வேண்டியிருக்கும் வேலைகள் அதிகம் இருக்க முடியாது.

இரண்டு அளவுகோல்கள்

டார்கெட் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில், கல்லாப்பெட்டி இயந்திரம் செய்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியை 1884இல் ஜான் பேட்டர்சன் வாங்கினார். ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனி எல்லை, ஒவ்வொரு எல்லைக்கும் இலக்கு, மனப்பாடம் செய்ய வேண்டிய பேச்சு என்று நவீன விற்பனைப் படையின் உறுப்புகளை ஒழுங்குபடுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். 1887இல் அந்தக் கம்பெனி தன் ஆட்களுக்கென்று பேச்சுப் புத்தகமே அச்சிட்டது. இன்றைய ரெப்பின் டெரிட்டரி, டார்கெட், டீடெயிலிங் ஸ்டோரி மூன்றுக்கும் மூதாதை அங்கே இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: பேட்டர்சனின் ஆட்கள் இயந்திரத்தை வாங்குபவரிடமே பேசினார்கள்.

எரின் ஆண்டர்சன், ரிச்சர்ட் ஆலிவர் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் இதழில் விற்பனையாளர்களைக் கட்டுப்படுத்தும் முறைகளை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் முறையில் பலனை மட்டும் பார்ப்பார்கள்: எப்படியாவது விற்றுக்கொண்டு வா, விற்றதற்கு ஏற்பக் காசு. இதில் விற்பனையாளருக்குச் சுதந்திரம் அதிகம், ஆபத்தும் அவர் தலையில். இரண்டாவது முறையில் நடத்தையைப் பார்ப்பார்கள்: யாரைப் பார்த்தாய், என்ன பேசினாய், எத்தனை முறை போனாய். இதில் சுதந்திரம் குறைவு. ஆனால் சொன்னபடி செய்தால் நிலையான சம்பளம் உண்டு. விற்பனை விழுந்தால் நஷ்டம் கம்பெனியுடையது. ஒன்று ஒரு பேரம், மற்றது வேறொரு பேரம். இரண்டும் அதனதன் வழியில் நியாயமானவை.

நம் மருந்துக் கம்பெனிகள் பலவற்றில் நடப்பது இரண்டையும் சேர்த்து ஒருவர் தோளில் ஏற்றுவது. எத்தனை மருத்துவர், எந்த நேரம், எந்த வரிசை என்பதெல்லாம் மேலிருந்து வரும். கைப்பேசிச் செயலி ஜி.பி.எஸ். வைத்து, கிளினிக் வாசலில் நின்றால்தான் ‘கால்’ பதிவாகும் என்று அடம்பிடிக்கும். அவ்வளவையும் பிசகாமல் செய்த ஒருவரிடம் மாதக் கடைசியில் கேட்கப்படுவது ‘நம்பர் எங்கே?’ என்பது. நடத்தைமுறையின் கட்டுப்பாடு முழுக்க உண்டு. அது தரவேண்டிய பாதுகாப்பு இல்லை. பலன்முறையின் ஆபத்து முழுக்க உண்டு. அது தரவேண்டிய சுதந்திரம் இல்லை. இந்த வேலையில் மனம் சோர்வதற்குப் பயணத்தைவிட இந்தப் பொருத்தமின்மைதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

அந்த ‘நம்பர்’ எதை அளக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்குப் போவது பிரைமரி. ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைகளுக்குப் போவது செகண்டரி. மருத்துவர் எழுதியதன் பலன் செகண்டரியில்தான் தெரியும். ஆனால் கம்பெனியின் கணக்கேட்டில் வருமானமாக ஏறுவது பிரைமரி.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: ஒரு ரெப்பின் மாத இலக்கு 6 லட்ச ரூபாய். அவர் பகுதியில் கடைகள் எடுத்தது 4.5 லட்சம். அதற்கு ஈடாக ஸ்டாக்கிஸ்டுகளும் கம்பெனியிடம் 4.5 லட்சத்துக்கு எடுத்துவிட்டார்கள். அவர்களிடம் கையிருப்பு 3 லட்சம். இலக்குக்கு இன்னும் 1.5 லட்சம் வேண்டும். 28ஆம் தேதி ஏரியா மேனேஜரின் போன் வருகிறது. ரெப் ஸ்டாக்கிஸ்டிடம் போய் உட்கார்ந்து, பழைய நட்பைச் சொல்லி, அடுத்த மாதம் ஆஃபர் வாங்கித் தருவதாகச் சமாதானம் பேசி, அந்த 1.5 லட்சத்துக்கு ஆர்டர் போட வைக்கிறார். இலக்கு நூறு சதவீதம். மீட்டிங்கில் கைத்தட்டல். இப்போது ஸ்டாக்கிஸ்ட் கையில் இருக்கும் சரக்கு 4.5 லட்சம், ஒரு மாத விற்பனை முழுவதும் அங்கேயே கிடக்கிறது. அடுத்த மாதம் இலக்கு உயரும், அவர் எடுக்கும் அளவு குறையும். சில மாதம் கழித்து விற்காத சரக்கு எக்ஸ்பயரி ரிட்டர்னாகத் திரும்பி வந்து அதே ரெப்பின் விற்பனையில் கழியும். தொழிலில் இதற்கு ‘டம்பிங்’ என்று பெயர். செய்யச் சொன்னவரும் செய்தவரும் ஏற்றுக்கொண்டவரும் அது என்னவென்று அறிந்தேதான் செய்கிறார்கள்.

இந்தச் சுழலில் காணாமல் போவது ஓர் உண்மை. அந்தப் பகுதி மருத்துவர்கள் எழுதியது 4.5 லட்சத்துக்குத்தான். இலக்கு தவறா, மருந்து போதாதா, போட்டிக் கம்பெனி விலையைக் குறைத்ததா என்று கம்பெனி கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மாதக் கடைசி ஆர்டர் மூடிவிட்டது.

எந்தப் பட்டியலிலும் சேராத வேலை

கம்பெனிக்கு அளக்கத் தெரியாத இந்த வேலைக்கு நீதிமன்றமும் சட்டமும் பெயர் வைக்கப் பட்ட பாடு தனிக் கதை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு யாருக்கு என்பது ‘தொழிலாளர்’ என்ற வரையறையைப் பொறுத்தது. தொடக்கத்தில் உடலுழைப்பும் எழுத்தர் வேலையும் அதில் இருந்தன. பிறகு தொழில்நுட்பம், மேற்பார்வை என்று வகைகள் சேர்ந்தன. மே அண்ட் பேக்கர் கம்பெனி வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம், வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒரு பிரதிநிதியின் முதன்மைப் பணி விற்பனைக்காக ஆதரவு திரட்டுவது, எழுத்து வேலை அதற்குத் துணையானதே, எனவே அவர் தொழிலாளர் அல்லர் என்று சொன்னது. அறிக்கை எழுதுவது, கணக்குப் பார்ப்பது, ஊர் சுற்றுவது எல்லாம் இருந்தும் அவர் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை.

1963இல் ரெப் சங்கங்களின் அகில இந்தியக் கூட்டமைப்பாக எஃப்.எம்.ஆர்.ஏ.ஐ. உருவானது. நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். மாநிலங்களவையின் மனுக்கள் குழு 1972இல் இவர்களின் கோரிக்கையை ஏற்று, வரையறையில் ஒரு சொல்லைச் சேர்ப்பது போதாது, தனிச் சட்டமே வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டம் 1976இல் பிறந்தது. நியமனக் கடிதம் கட்டாயமானது. வேலை செய்த காலத்தில் பதினொன்றில் ஒரு பங்கு ஈட்டிய விடுப்பு, பதினெட்டில் ஒரு பங்கு அரைச் சம்பள மருத்துவ விடுப்பு என்று உரிமைகள் எழுத்தில் வந்தன. தொழில் தகராறு, போனஸ், பணிக்கொடை, மகப்பேறு ஆகியவை பற்றிய சட்டங்களும் இவர்களுக்குப் பொருந்தும் என்றானது. ஆனால் கமிஷன் நீங்கலாக மாதம் 750 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கே அது முதலில் பொருந்தியது. அந்த வரம்பை நீக்க 1986ஆம் ஆண்டின் திருத்தம் தேவைப்பட்டது.

1994இல் அத்யந்தாயா எதிர் சாண்டோஸ் வழக்கு அரசியல் சாசன அமர்வின் முன் வந்தது. மருத்துவத்தைப் பற்றிப் பேசுகிறவரின் வேலை தொழில்நுட்பமானது அல்லவா, திறன் சார்ந்தது அல்லவா என்று பிரதிநிதிகள் தரப்பு கேட்டது. ஐந்து நீதிபதிகளும் ஏற்கவில்லை. விற்பனையை வளர்க்கும் வேலை அந்த வகைகளுக்கெல்லாம் வேறான ஒன்று என்றார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டம் தந்த கதவு ஒன்றுதான் மிச்சம்.

2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்பு, ‘தொழிலாளர்’ வரையறைக்குள் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களைப் பெயர் சொல்லியே சேர்த்தது. பணிப் பாதுகாப்புத் தொகுப்பு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனக்குள் விழுங்கிக்கொண்டது. இவை 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. 1961இல் மறுக்கப்பட்ட பெயர் அறுபது சொச்சம் ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அதே தொகுப்புகள் குறித்தகால நியமனத்துக்கும் வழி செய்திருப்பதால், தொழிலாளர் என்ற பெயர் எத்தனை ஆண்டுக்குக் கையில் இருக்கும் என்ற கவலையும் தொழிற்சங்கங்களிடம் கூடவே வந்திருக்கிறது.

இந்த நெடும் போராட்டத்தில் ஒன்றைக் கவனிக்கலாம். 1976ஆம் ஆண்டுச் சட்டம் விடுப்பைப் பற்றிச் சொன்னது, கடிதத்தைப் பற்றிச் சொன்னது; நாளுக்கு எத்தனை மணி நேர வேலை என்று சொல்லவில்லை. காத்திருக்கும் நேரம் வேலையா இல்லையா என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்திலும் பத்தி இருக்கவில்லை. வேலை நேரத்தைச் சட்டப்படி வரையறுக்க வேண்டும் என்பது சங்கங்களின் கோரிக்கைகளில் நெடுங்காலமாகத் தொடர்வதற்குக் காரணம் இதுதான்.

பரிசுப் பொருளின் பின்னால்

பிறர் முடிவை மாற்றுவதே வேலை என்றால், மாற்றுவதற்குப் பேச்சைவிடக் குறுக்கு வழிகள் உண்டு என்று யாருக்காவது தோன்றாமல் இராது. மருத்துவர்கள் கம்பெனிகளிடமிருந்து பரிசும் பயணச் செலவும் பெறுவதை இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் விதித் திருத்தத்தின் மூலம் தடை செய்தது. வாங்குவதுதான் தடை, கொடுப்பதற்குத் தடையில்லையே என்று கம்பெனிகள் வாதிட்டன. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை மூடியது. மருத்துவர்களுக்குக் கொடுத்த இலவசங்களை வியாபாரச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் செலவு கடைசியில் மருந்தின் விலையில்தான் வந்து விழுகிறது என்றது.

2024 மார்ச் 12 அன்று மத்திய அரசின் மருந்துத் துறை புதிய நெறிமுறையை வெளியிட்டது. பரிசு கூடாது, பயணமும் விடுதியும் கூடாது. ஒரு மருந்தில் ஒரு மருத்துவருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு சாம்பிள் பொதிகளுக்கு மேல் கூடாது. சாம்பிள்களின் மொத்த மதிப்பு கம்பெனியின் உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மருத்துவரைச் சந்திக்க எந்தப் பெயரிலும் ரெப் பணம் கொடுக்கக்கூடாது. ரெப்பின் நடத்தைக்குக் கம்பெனியே பொறுப்பு. ஆனால் புகார் போகும் இடம் மருந்துக் கம்பெனிகளின் சங்கங்கள் அமைக்கும் நெறிமுறைக் குழு.

இத்தகைய நெறிமுறையைச் சட்டமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது யார் என்பதில்தான் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் இருக்கிறது. நுகர்வோர் அமைப்பு அல்ல, எஃப்.எம்.ஆர்.ஏ.ஐ., அதாவது விற்பவர்களின் சங்கம். தங்கள் விற்பனை வழிகளுக்கே கட்டுப்பாடு கேட்டு விற்பவர்கள் வழக்காடுவது அரிது. இதில் அறம் இருக்கிறது. தொழில் நலனும் இருக்கிறது. பரிசு பேசத் தொடங்கிய இடத்தில் ரெப்பின் படிப்புக்கும் பேச்சுக்கும் மதிப்பில்லை. பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க அறிவியல் பட்டம் எதற்கு? கொடுத்தது வெளியே தெரிந்தால் கைகாட்டப்படுவதும் அந்தப் பெட்டியைச் சுமந்தவர்தான்.

2025 மே மாத இறுதியில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம், மத்திய அரசு மருத்துவமனைகளுக்குள் ரெப்புகளை அனுமதிக்க வேண்டாம், புதிய மருந்து பற்றிய தகவலை மின்னஞ்சல் போன்ற வழிகளில் அனுப்பட்டும் என்று உத்தரவிட்டது. நோயாளிகள் நிற்கும் இடத்தில் நெரிசல் குறையும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் பரிசைத் தீர்மானிக்கும் மேலாளர் அந்தத் தாழ்வாரத்தில் என்றைக்கும் நின்றதில்லை. கதவை மூடினால் வெளியே நிற்பது யாரால் முடிவெடுக்க முடியாதோ அவர்தான்.

எதை அளப்பது?

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் பி.எஸ்ஸி., பி.பார்ம். முடித்தவர்கள். வீட்டில் முதல் தலைமுறையாகச் சட்டையை உள்ளே விட்டு வேலைக்குப் போகிறவர்கள் கணிசம். பெண்கள் வருகிறார்கள், இரவு பத்து மணிக் கிளினிக்கும் அவுட் ஸ்டேஷன் லாட்ஜும் அவர்களின் எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்திருக்கின்றன. சிலர் ஏரியா மேனேஜராகி, தங்களுக்கு வந்த மாதக் கடைசிப் போனைத் தாங்களே பேசத் தொடங்குகிறார்கள். சிலர் ஸ்டாக்கிஸ்டாகவோ கடைக்காரராகவோ மாறி மேசையின் மறுபுறம் உட்கார்கிறார்கள். யாரோடும் பேச, மறுப்பைத் தாங்க, இரண்டு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்ல இந்த வேலையைப் போல் கற்றுத்தருவது குறைவு என்று விட்டுப் போனவர்களும் ஒப்புக்கொள்வார்கள். அந்தத் திறனுக்கு மதிப்பு உண்டு என்பதால்தான் அதை அளக்கும் முறை பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பது பெரிய விஷயமும் அல்ல. இலக்கைப் பிரைமரியில் வைக்காமல் செகண்டரியில் வைத்தால் மாதக் கடைசி டம்பிங்குக்குக் காரணமே இருக்காது. டூர் புரோகிராமைக் கம்பெனி எழுதுமானால், அதன்படி நடந்தவருக்கு இன்சென்டிவ் போகலாமே தவிர வேலை போகக்கூடாது. விற்பனைக்கு அவரே பொறுப்பு என்றால், யாரை எப்போது பார்ப்பது என்பதை அவரிடம் விட்டுவிட வேண்டும். ஆண்டர்சனும் ஆலிவரும் பிரித்துக் காட்டிய இரண்டில் ஏதாவது ஒன்றைக் கம்பெனி தேர்ந்தெடுத்தாக வேண்டும். இரண்டின் இலாபத்தையும் தான் வைத்துக்கொண்டு இரண்டின் சுமையையும் ஊழியர் மேல் போடுவதற்கு நிர்வாகவியலில் ஆதாரம் இல்லை.

இந்த வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர் நேர்முகத் தேர்வில் சம்பளத்தோடு இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இலக்கை யார், எதை வைத்து நிர்ணயிக்கிறார்கள்? எக்ஸ்பயரி ரிட்டர்ன் யார் கணக்கில் கழியும்? இதற்கு முன் இந்த டெரிட்டரியில் இருந்தவர் ஏன் போனார்? முதல் இரண்டுக்கும் கம்பெனி தரும் பதிலில் அதன் கொள்கை தெரியும். மூன்றாவதற்குப் பதிலைக் கம்பெனியிடம் எதிர்பார்க்க வேண்டாம். அந்த ஊர் ஸ்டாக்கிஸ்டிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.